பட்டாசுக்கு ரெண்டு மணி நேரம்: அந்தக் கணக்கில் உங்கள் பங்கு என்ன?

தீபாவளி காலை. சைதாப்பேட்டை பஜார் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஏதாவது ஒரு சந்தில் நின்று பாருங்க. எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுத்துணியோடு பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். ஒருத்தன் மொபைலில் மணி பார்ப்பான். "இன்னும் ரெண்டு நிமிஷம்டா." ஆறு அடித்ததும் முதல் சரம். (எல்லாச் சந்திலும் ஆறு மணி வரை காத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அஞ்சு மணிக்கே உங்களை எழுப்பிய வெடி எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.)

அதே சந்தில் நாலு வீடு தள்ளி ஒரு ஜன்னல் சாத்தப்படும். உள்ளே வீசிங் இருக்கும் ஒரு பாட்டி. தலைமாட்டில் இன்ஹேலர்.

தமிழ்நாட்டில் தீபாவளி அன்று பட்டாசு வெடிக்க காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை, மொத்தம் ரெண்டு மணி நேரம். ஒவ்வொரு வருஷமும் செய்தியில் பார்க்கிறீங்க. ஆனால் ஏன் ரெண்டு மணி? ஏன் நாலு இல்லை, ஏன் பூஜ்யம் இல்லை? யாராவது டாக்டர் கணக்குப் போட்டுச் சொன்னாரா, இல்லை மக்கள் கேட்டு வாங்கினதா?

ரெண்டும் தான். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், உங்கள் தெருவில் வரப்போகும் வேறு பல முடிவுகளில் உங்கள் பேச்சுக்கு எங்கே இடம் இருக்கிறது என்பதும் புரியும்.

ஒரு வழக்கும் ஒரு வாரமும்

2015-இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில், அவர்களுடைய அப்பாக்கள் மூலமாக, உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு போடப்பட்டது. காற்று மாசு எங்கள் நுரையீரலைக் கெடுக்கிறது, பட்டாசைத் தடை செய்யுங்கள் என்பது கோரிக்கை. வழக்கு மூன்று வருஷம் நடந்தது. ஒரு பக்கம் மூச்சு விடும் உரிமை. இன்னொரு பக்கம் பட்டாசுத் தொழிலை நம்பியிருக்கும் சிவகாசி குடும்பங்களின் பிழைப்பு, மக்களின் பண்டிகை.

2018 அக்டோபர் 23-இல் தீர்ப்பு வந்தது. முழுத் தடை இல்லை. மாசு குறைந்த பட்டாசு மட்டும், பேரியம் உப்பு கூடாது, தீபாவளி அன்று இரவு 8 முதல் 10 வரை மட்டும் வெடிக்கலாம்.

இங்கேதான் நமக்குப் பிரச்சினை. வடக்கே தீபாவளி என்றால் சாயங்காலம், லட்சுமி பூஜை. நமக்கு விடியற்காலை, கங்கா ஸ்நானம். இரவு 8 மணிக்கு இங்கே பலகாரம் தீர்ந்து, பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள்! தமிழ்நாடு அரசு நீதிமன்றத்துக்குப் போனது, காலை 4.30 முதல் 6.30 வரையும் அனுமதி வேண்டும் என்று கேட்டது.

ஒரே வாரத்தில், அக்டோபர் 30-இல், பதில் வந்தது. நேரத்தை மாநிலமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் மொத்தம் ரெண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நவம்பர் 6 தீபாவளி. அதற்குள் அரசு அறிவித்தது: காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம். காலை 4.30 ஏன் 6 ஆனது என்று யோசித்தால் இன்னொரு விதியும் ஞாபகத்துக்கு வரும். ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் எழுப்பும் பட்டாசுக்கு அனுமதி கிடையாது.

மொத்த அளவை நீதிமன்றம் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அளவை எப்போது, எப்படிச் செலவழிப்பது என்பதை மக்களின் வழக்கத்துக்கு விட்டது. உடல்நல ஆபத்தைக் கணக்குப் போடும்போது மக்களின் விருப்பத்தையும் சேர்ப்பது என்று நிபுணர்கள் பேசுவதற்கு, இதைவிட எளிதாகப் புரியும் ஓர் உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

கணக்கு எங்கே முடிகிறது?

உடல்நல இடர் மதிப்பீடு என்று ஒன்று உண்டு. பேர் பெருசு, விஷயம் சின்னது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சில் 1983-இல் இதை நான்கு படிகளாகப் பிரித்தது; உலகம் முழுக்க இன்றும் அந்தப் படிகள்தான். இந்தப் பொருள் கெடுதல் செய்யுமா? எவ்வளவு உள்ளே போனால் எவ்வளவு கெடுதல்? நம்ம ஊரில் மக்களுக்கு உண்மையில் எவ்வளவு போகிறது? மூன்றையும் சேர்த்தால் மொத்த ஆபத்து என்ன?

இதெல்லாம் நிபுணர் வேலை. தலையிட வேண்டாம். ஆனால் ஐந்தாவதாக ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: "சரி, இவ்வளவு ஆபத்தை நாம ஏத்துக்கலாமா?" இதற்கு எந்த மீட்டரும் பதில் சொல்லாது.

உதாரணத்துக்கு, நுரையீரலின் ஆழம் வரை போகும் மிக நுண்ணிய தூசி. இதை பிஎம் 2.5 என்பார்கள். இந்தியாவில் 24 மணி நேர சராசரி ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை போகலாம் என்பது 2009-இல் வந்த தரம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. சென்னைக்காரர் நுரையீரலும் ஜெனீவாக்காரர் நுரையீரலும் ஒன்றுதானே? அப்புறம் ஏன் நாலு மடங்கு வித்தியாசம்? உலக நிறுவனம் உடம்பை மட்டும் பார்த்து எண் சொல்கிறது. ஒரு நாடு எண் வைக்கும்போது, எதை நிறுத்த முடியும், அதற்கு என்ன செலவு, எவ்வளவு காலம் ஆகும் என்பதும் உள்ளே வந்துவிடுகிறது.

சராசரி என்ற சொல்லையும் கொஞ்சம் கவனியுங்க. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். உங்கள் தெருவில் 23 மணி நேரம் தூசி 40. பட்டாசு வெடிக்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் 500. கூட்டி 24-ஆல் வகுத்தால் 59 சொச்சம். தரம் 60. நாள் "பாஸ்"!

ஆனால் ஜன்னலைச் சாத்தின பாட்டிக்கு அந்த நாள் பாஸா? அவருக்கு 24 மணி நேர சராசரி தேவையில்லை, அந்த ஒரு மணி நேரம்தான் தேவை. எந்த எண்ணைப் பார்ப்பது என்பதே யாருடைய மூச்சை முன்னால் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப் உங்கள் போனில் இருந்தால், ஆலந்தூர், வேளச்சேரி நிலையங்கள்தான் சைதாப்பேட்டைக்குப் பக்கம். அதில் காட்டும் காற்றுத் தரக் குறியீட்டுக்கும் நுண்துகளின் 24 மணி நேர சராசரிதான் அடிப்படை. தீபாவளி காலை 7 மணிக்கு ஆப் மஞ்சளில் இருக்கிறதே என்று நம்பி வீசிங் உள்ளவரை வெளியே கூட்டிப் போக வேண்டாம்.

டீக்கடையில் ஒரு சண்டை

ஆயிரம் விளக்கிலிருந்து கிண்டி வரை எந்த டீக்கடையிலும் பார்க்கக்கூடிய காட்சி. ஒருத்தர் சிகரெட் பிடித்துவிட்டு வந்து, பக்கத்துக் கடை ஜெனரேட்டர் புகை தன் மேல் அடிக்கிறது என்று சண்டை போடுகிறார். கடைக்காரர் சிரிக்கிறார்: "நீ பிடிக்கிற சிகரெட்டை விடவா இது?"

சிரிக்கலாம். ஆனால் சண்டை போட்டவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. சிகரெட் அவர் தேர்ந்தெடுத்தது; புகை அவர் மேல் திணிக்கப்பட்டது. 1969-இல் சான்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். தாமாக விரும்பி ஏற்கும் ஆபத்தை, பிறர் சுமத்தும் ஆபத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அதிகமாக மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார். அந்த ஆயிரம் மடங்கு பிற்பாடு கேள்விக்கு உள்ளானது. ஆனால் அவர் சுட்டிய திசை சரிதான் என்பதை மறைமலை அடிகள் பாலத்தில் ஹெல்மெட் இல்லாமல் போகிறவர், தன் வீட்டுக் குடிநீரில் லேசாக வாசனை வந்தாலே கொதிப்பதைப் பார்த்தால் புரியும்.

1987-இல் பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். நிபுணர் ஆபத்து என்றால் பெரும்பாலும் எத்தனை சாவு என்று பார்க்கிறார். சாதாரண மக்கள் அதோடு இன்னும் பலதைப் பார்க்கிறார்கள். நமக்குப் பழக்கமானதா, புதுசா? குழந்தைகளைத் தாக்குமா? தப்பிக்க நம் கையில் ஏதாவது இருக்கிறதா? லாபம் ஒருத்தருக்கு, கெடுதல் இன்னொருத்தருக்கா? இது அறியாமை இல்லை. நிபுணர் விட்டுவிட்ட கேள்விகளைக் கேட்பது. நான்கு படி போட்டுக் கொடுத்த அதே ஆராய்ச்சி கவுன்சில் 1996-இல், வெறும் கணக்கு போதாது, பாதிக்கப்படுபவர்கள் பிரச்சினையை வரையறுக்கும்போதே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது.

அப்போ மக்கள் சொல்வதெல்லாம் சரியா?

இல்லை. இதையும் நேராகச் சொல்லிவிடணும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. அதே சமயம் வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. ஊசி ஆபத்து, பிள்ளைக்குப் போடாதீங்க என்று. எத்தனையோ பெற்றோர் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமின் கால அவகாசத்தை நீட்டிக்க வேண்டி வந்தது. "மக்கள் விருப்பம்" என்று அன்றைக்கு ஊசியை நிறுத்தியிருந்தால், தட்டம்மைக்குப் பிள்ளைகளைக் கொடுத்திருப்போம்.

வித்தியாசம் எங்கே? "ஊசியில் விஷம் இருக்கு" என்பது உண்மையா பொய்யா என்று சோதித்துச் சொல்லக்கூடிய விஷயம். சோதித்தாயிற்று, பொய். அதில் கை தூக்கி ஓட்டெடுக்க ஒன்றுமில்லை. "காலையில் வெடிக்கிறதா, இரவிலா" என்பது எதை முக்கியமாக நினைக்கிறோம் என்ற விஷயம். அதை மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது, உங்களைத்தான் கேட்கணும். ஆனால் அன்று தடுப்பூசி முகாமில் பயந்த அம்மாக்களிடம் "எதுக்குப் பயப்படுறீங்க?" என்று முதலிலேயே கேட்டிருந்தால் வதந்திக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காதைக் கொடுப்பதும் தலையாட்டுவதும் ஒன்றில்லை.

இன்னொரு சிக்கல், யாருடைய விருப்பம்? பட்டாசு வெடிக்கிறவர் சத்தமாகத் தெரிவார். ஜன்னலைச் சாத்துகிறவர் தெரிய மாட்டார். மறுநாள் விடிகாலையில் அந்தச் சிவப்புக் காகிதக் குவியலைக் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளர் எங்கேயுமே தெரிய மாட்டார், ஆனால் மிச்சப் புகையும் தூசியும் அவருக்குத்தான். பண்டிகை வழக்கத்துக்காகப் பேச 2018-இல் ஒரு மாநிலமே இருந்தது. மூச்சு விடுவதற்காகப் பேச, பேசவே தெரியாத மூன்று குழந்தைகளின் பெயர்தான் கிடைத்தது.

சைதாப்பேட்டையில் ஒரு மாளிகை

பட்டாசு வருஷத்துக்கு ஒரு நாள். தொழிற்சாலை, குவாரி, பெரிய கட்டடங்கள் எல்லாம் வருஷம் முழுக்க. சைதாப்பேட்டை ஜீனிஸ் ரோட்டில் பனகல் மாளிகையைத் தாண்டி எத்தனையோ தடவை போயிருப்பீங்க. மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் முகவரி அதுதான். தமிழ்நாட்டின் எந்த மூலையிலும், மாநில அளவில் சுற்றுச்சூழல் அனுமதி தர வேண்டிய திட்டங்களின் கோப்பு இங்கே வரும்.

அந்தக் கோப்பில் உங்கள் குரல் போய்ச் சேர ஒரு வழி இருக்கிறது. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான மத்திய அரசின் அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவைப்படும் திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னால் பத்திரிகையில் அறிவிப்பு, அதில் ஒன்று உள்ளூர் மொழி நாளிதழ். திட்டத்தின் சுருக்க அறிக்கை தமிழில் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமை. முழுவதும் வீடியோ பதிவு. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது. கூட்டம் முடிந்ததும் நடந்ததை உள்ளூர் மொழியில் படித்துக்காட்ட வேண்டும். எழுப்பிய கேள்விகளுக்கு இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் சேர்க்க வேண்டும். வர முடியாதவர் எழுத்திலும் தரலாம். பாலத்தைத் தாண்டினால் கிண்டியில், அண்ணா சாலையிலேயே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைமை அலுவலகம் இருக்கிறது.

சுற்றுச்சூழல் விதிகள் மாறும்போது வரைவு அறிவிக்கை வெளியாகும். அதற்கு ஆட்சேபம், யோசனை சொல்ல 60 நாள். வார்டுக்குள் என்றால் பகுதி சபா இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பல நகரங்களில் அது கூடியது. மருத்துவமனை, சுகாதார நிலையம் சம்பந்தப்பட்டது என்றால் மாவட்ட சுகாதாரப் பேரவைக் கூட்டம்.

போய் என்ன பேசுவது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். "எங்களுக்குப் பயமா இருக்கு, வேண்டாம்" என்று எழுதினால் அதற்கு என்ன பதில் எழுத முடியும்? "அளவு தரத்துக்குள் உள்ளது" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பதிலாக, அவர்களுடைய கணக்கில் இல்லாததைச் சொல்லுங்க. இந்தத் தெருவில் டயாலிசிஸ் போகிறவர் எத்தனை பேர், பள்ளி எத்தனை மணிக்கு விடுகிறது, காற்று எந்த மாசத்தில் எந்தப் பக்கம் அடிக்கிறது. ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் புகை மேலா, ஒரு மணி நேரம் நிறையப் புகை மேலா. எதை விட்டுக்கொடுக்கத் தயார், எதை மாட்டீங்க. லாரி வரட்டும், காலை 8 முதல் 9 வரை வேண்டாம் என்பது, லாரியே வேண்டாம் என்பதைவிட ஓர் அதிகாரியின் கையில் நிற்கும்.

இதை முதல் தடவை செய்து பார்க்க தீபாவளியே நல்ல சந்தர்ப்பம். ஒவ்வொரு வருஷமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விடுக்கும் வேண்டுகோளில் நாம் படிக்காமல் தள்ளிவிடும் ஒரு வரி உண்டு: உள்ளாட்சி அமைப்பின் முன் அனுமதியோடு, நலச் சங்கங்கள் மூலம், திறந்தவெளியில் ஒன்றுகூடிப் பட்டாசு வெடிக்க முயற்சிக்கலாம் என்பது. 2018 தீர்ப்பும் இப்படிப் பொது இடத்தில் வெடிப்பதை ஊக்குவித்தது. சந்தில் ரெண்டு சுவருக்கு நடுவே மாட்டும் புகை, மைதானத்தில் கலைந்து போகும். அதிலும் விடிகாலையில் காற்று அசையாது, புகை கீழேயே தங்கும். 2018 ஜனவரியில் போகி அன்று காலை மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திணறியது ஞாபகம் இருக்கலாம்.

சைதாப்பேட்டையில் மருத்துவமனை, நீதிமன்றம், பள்ளிகள் எல்லாமே நெருக்கமாக இருக்கின்றன. இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே சத்தப் பட்டாசு கூடவே கூடாது. ஆக உங்கள் நலச் சங்கம் இடம் தேடும்போது முதலில் போனில் மேப்பைத் திறந்து அந்த 100 மீட்டரைக் கழித்துவிடுங்க. குடிசைப் பகுதியையும் கழியுங்க, அங்கே தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் இருக்கும் இடத்தைக் குறித்து, எந்த ஒரு மணி நேரம், எத்தனை வீடு, தண்ணீர் வாளிக்கு யார் பொறுப்பு, குப்பையை யார் அள்ளுவது என்று ஒரு பக்கத்தில் எழுதி மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கொடுங்க. எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் 1913-க்கு அழைத்துக் கேளுங்க.

எழுதுவதற்கு முன்னால் அந்த நாலாவது வீட்டுக் கதவையும் ஒரு தடவை தட்டிப் பாருங்க. காலை ஒரு மணி நேரமும் இரவு ஒரு மணி நேரமும் தெருவிலேயே புகை இருந்தால் தாங்குமா, இல்லை மைதானத்துக்குப் போனால் தேவலையா என்று பாட்டியிடம் கேளுங்க. அவர் சொல்வதையும் அந்தக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேருங்க. தீபாவளிக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்த அலுவலகத்திலும் ஒன்றும் நடக்காது. ஆயுத பூஜைக்கு முன்னால் கொடுத்துவிடுங்க.